முன் சீட்டில் ஊட்டி, பின் சீட்டில் வேலூர்... கார் ஏசி காற்று எங்கேதான் போகுது?

மே மாத மதியம். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து கால் டாக்ஸி புக் பண்ணி, தாம்பரத்தில் ஏறுகிறீர்கள். அஞ்சே நிமிஷத்தில் முன் சீட்டில் இருப்பவர், "அண்ணா, குளிருது... ஏசியைக் கொஞ்சம் குறைங்க" என்கிறார். அதே நேரத்தில் பின் சீட்டின் நடுவில் மாட்டிக்கொண்டவர், "அண்ணா, வேர்க்குது... கொஞ்சம் கூட்டுங்க" என்கிறார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்: "ஃபுல்லாதான் தம்பி இருக்கு!"

இதில் யாருமே பொய் சொல்லவில்லை. ஒரே கார், ஒரே ஏசி. ஆனால், முன்னாடி ஊட்டி, பின்னாடி வேலூர்!

ஏசி என்றாலே நாம் குளிரைப் பற்றித்தான் பேசுவோம். ஆனால், காரை டிசைன் பண்ணும் இன்ஜினீயர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது வேறு ரெண்டு கேள்விகளுக்காக. காற்று எந்த வழியாக உள்ளே வர வேண்டும்? எந்த வழியாக வெளியே போக வேண்டும்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிந்தால், பின் சீட் வியர்வைக்கு மட்டுமல்ல, லாங் டிரைவில் கண்ணைச் சொக்கவைக்கும் தூக்கத்துக்கும் காரணம் புரிந்துவிடும். 'காரில் ஏசி போட்டுத் தூங்கியவர் உயிரிழப்பு' என்று அப்பப்போ வரும் செய்திக்கும்தான்.

காற்று வரும் பாதை

காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு ஜாலி இருக்கும். வேப்பமரத்தடியில் பார்க் பண்ணினால் சருகு எல்லாம் போய்ச் சேருமே, அதே இடம்தான். வெளிக்காற்று உள்ளே நுழையும் வாசல் அது. ஏன் அங்கே? கார் ஓடும்போது எதிர்க்காற்று பானட் மேல் ஏறிவந்து கண்ணாடியில் மோதும். அதனால் அந்த இடத்தில் காற்றழுத்தம் அதிகம். வாசலை அங்கே வைத்தால் காற்று தானாகவே உள்ளே தள்ளிக்கொண்டு வரும்.

உள்ளே வந்த காற்று முதலில் ஏசி ஃபில்டரைக் கடக்கும். அடுத்து ப்ளோயர், அதாவது ஃபேன். அது தள்ளிவிடும் காற்று, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில் மேல் பட்டுக் குளிரும். காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் படிந்து சொட்டும். பார்க் பண்ணிய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள், பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

அதற்குப் பிறகு சின்னச் சின்ன மடல்கள் டிராஃபிக் போலீஸ் வேலை பார்க்கின்றன. முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று காற்றைப் பிரித்துவிடுவது அவைதான். நீங்கள் முகம் படம் போட்ட பட்டனை அமுக்கும்போது உள்ளே ஒரு மடல் திறந்து இன்னொன்று மூடுகிறது, அவ்வளவுதான். கடைசி ஸ்டாப்தான் நம் கண்ணுக்குத் தெரியும் வென்ட்.

முதல் ஏசி காரில் பின் சீட்டுக்குத்தான் ராஜ மரியாதை!

கம்பெனியே ஏசி பொருத்திக் கொடுத்த முதல் கார், அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனத்துடையது. 1939-ல் அறிவித்து, 1940 மாடலாக விற்றார்கள். அதில் கூலிங் காயில் எங்கே இருந்தது தெரியுமா? டிக்கியில்! குளிர்காற்று பின் சீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிக்கியில் பாதி இடம் காலி. டேஷ்போர்டில் ஆஃப் பண்ண ஸ்விட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். ரெண்டே வருஷத்தில் அந்த வசதியைக் கைவிட்டுவிட்டார்கள்.

1954-ல் நாஷ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம், ஹீட்டர், ஏசி எல்லாவற்றையும் சேர்த்து முன்பக்கமே அடக்கியது. டிக்கி முழுசாகக் கிடைத்தது, செலவும் குறைந்தது. இன்று நாம் ஓட்டும் கார்களும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால், குளிர் பிறக்கும் இடம் டேஷ்போர்டு ஆன நாளிலிருந்து பின் சீட்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

போகும் வழியும் முக்கியம் பாஸ்!

அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள். அம்பாஸடர், பத்மினி கார்களின் முன் கதவில் ஒரு குட்டி முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் வெளிக்காற்றை வாரி முகத்தில் அடிக்கும். ஏசி இல்லாத காலத்து ஏசி அதுதான்.

அந்த முக்கோணக் கண்ணாடியை உலகம் கைவிடக் காரணமான கார்களில் முக்கியமானது, பிரிட்டனின் ஃபோர்டு கார்ட்டினா. 1964-ல் அதில் 'ஏரோஃப்ளோ' என்ற ஏற்பாடு வந்தது. டேஷ்போர்டில் முகத்துக்கு நேராக வென்ட், பின் கண்ணாடியை ஒட்டிய தூணில் காற்று வெளியேற ஒரு ஜாலி. முன்னால் நுழைந்து, ஆட்களைத் தொட்டு, பின்னால் வெளியேறும் காற்று. கண்ணாடியை இறக்காமலேயே காரோட்டம்... ஸாரி, காற்றோட்டம்!

நம் வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வராது. எதிர்ப்பக்கமும் ஒன்றைத் திறக்க வேண்டும். கார்ட்டினா செய்ததும் அதைத்தான்.

இன்றைய கார்களில் அந்த வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் பின் பம்பருக்கு உள்ளே, ரப்பர் மடல்களோடு ஒளிந்திருக்கும். ஓடும் காரில் அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், உள்காற்றை வெளியே இழுக்கும். வெளியிலிருந்து தூசி வந்தால் மடல் மூடிக்கொள்ளும். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும்போது கதவைச் சாத்தினாலும் காது பெரிதாக அடைக்காமல் இருப்பதற்கும் இந்த மடல்கள்தான் காரணம். கதவு தள்ளும் காற்று அந்த வழியாகத் தப்பித்துவிடுகிறது.

வென்ட் என்பது வெறும் ஓட்டையா?

இல்லை. டிசைனருக்கு அங்கேதான் தலைவலியே ஆரம்பம்.

முதல் தலைவலி, வேகம். அதே அளவு காற்றைப் பாதி அளவுள்ள ஓட்டை வழியாக அனுப்பினால் வேகம் இரட்டிப்பாகும். தோட்டத்து ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும் அல்லவா, அதே கதை. வென்ட் சின்னதாக இருந்தால் காற்று பின் சீட் வரை பாயும். ஆனால், 'உஸ்ஸ்ஸ்' என்ற சத்தமும் கூடவே வரும். பெரிதாக இருந்தால் சத்தம் குறையும், காற்று டிரைவர் மடியிலேயே விழுந்துவிடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிக்க வேண்டும்.

ரெண்டாவது, திசை. வென்ட்டுக்குள் படுக்கைவாட்டில் ஒரு வரிசைத் தகடுகள், அதற்குப் பின்னால் செங்குத்தாக ஒரு வரிசை. ஒன்று மேலே கீழே, இன்னொன்று இடம் வலம். உயரமான ஆள், குள்ளமான ஆள், சீட்டை முன்னால் இழுத்தவர், பின்னால் தள்ளியவர் என எல்லோருடைய முகத்துக்கும் நெஞ்சுக்கும் அந்தக் காற்று எட்ட வேண்டும். அதே நேரம், ஸ்டீயரிங்கோ அதைப் பிடித்திருக்கும் கையோ நடுவில் மறிக்கக் கூடாது.

மூணாவது, கண்ணாடி. முன் கண்ணாடியில் பனி படிந்தால் டிரைவருக்கு ரோடே தெரியாது. அதனால் கண்ணாடியின் அடியில் நீளமாக ஒரு வென்ட், சைடு மிரரைப் பார்க்கும் ஜன்னல் பகுதிக்கு இன்னொரு குட்டி வென்ட். இவை சொகுசுக்கு அல்ல, பாதுகாப்புக்கு.

இதையெல்லாம் முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு காரைச் சூடான அறைக்குள் நிறுத்தி, மேலே வெயில் மாதிரி விளக்குகளை எரியவிட்டு, கொதிக்க வைத்து, ஏசியைப் போடுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் மூக்குக்கு நேராக வெப்பநிலை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பார்கள். வென்ட் வாசலில் எவ்வளவு குளிர் என்பதல்ல, உங்கள் மூக்குக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் மார்க்.

சில நேரம் வென்ட்டே கண்ணுக்குத் தெரியாது. 2017-ல் வந்த டெஸ்லா மாடல் 3-ல் டேஷ்போர்டு முழுக்க ஒரு நீளமான பிளவு மட்டும்தான். ஒரு காற்றோட்டத்தின் மேல் இன்னொரு காற்றோட்டத்தை மோதவிட்டு, மேலே கீழே திருப்புகிறார்கள். விரலால் திரையில் இழுத்தால் காற்று திரும்பும். காற்று பக்கத்தில் இருக்கும் வளைந்த பரப்பை ஒட்டிக்கொண்டே ஓடும் குணம் உடையது. ருமேனியாவின் ஹென்றி கோவாண்டா பெயரால் இதை 'கோவாண்டா விளைவு' என்கிறார்கள். வீட்டிலேயே டெஸ்ட் பண்ணலாம்: மெல்லிசாகத் திறந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பூனின் முதுகைக் காட்டுங்கள். தண்ணீர் நேராக விழாமல் ஸ்பூனை ஒட்டிக்கொண்டு வளையும்.

சரி, பின் சீட்ல ஏன் வேர்க்குது?

இப்போது அந்தக் கால் டாக்ஸிக்குத் திரும்புவோம். காரணங்கள் மூன்று.

ஒன்று, டிரைவர் அண்ணன் 'ஃபுல்' என்றது குளிரை. ஃபேன் ஒன்றிலோ ரெண்டிலோ இருக்கும். குளிர் முழுசாக இருந்தாலும் தள்ள ஆள் இல்லையென்றால் அது முன் சீட்டிலேயே முடிந்துவிடும். கார் சூடாக இருக்கும்போது முதல் சில நிமிடங்களுக்கு ஃபேனைக் கூட்டி வைப்பதுதான் பின் சீட்டுக்குச் செய்யும் உதவி.

ரெண்டு, வென்ட்டின் திசை. முன் சீட்காரர்கள் எல்லா வென்ட்டையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் ரெண்டு வென்ட்டையும் முன் சீட்டுகளுக்கு இடையே, கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். குளிர்காற்று கனமானது. மேலே அனுப்பினால் கூரையை ஒட்டிப் போய், பின்னால் தானாக இறங்கும். கீழ்நோக்கி வைத்தால் கியரைத்தான் குளிர வைக்கும்! பெரிய குடும்பக் கார்கள் சிலவற்றில் கூரையிலேயே வென்ட் வைப்பது இதனால்தான். நடுவில் கைவைக்கும் பெட்டிக்குப் பின்னால் வென்ட் இருக்கும் கார்களில், குளிர் அந்த நீளமான குழாயில் வரும்போதே கொஞ்சம் சூடேறிவிடும், வேகமும் குறையும்.

மூணு, நாமே வைக்கும் தடை. வென்ட்டில் மாட்டும் மொபைல் ஹோல்டர், பக்கத்தில் ஒரு பெர்ஃப்யூம் கிளிப். மேப் பார்க்க வசதிதான், போனும் சூடாகாது. ஆனால் உங்களுக்கு வர வேண்டிய காற்று போனுக்குப் போகிறது. கனமான போன் ஆடி ஆடி, மெல்லிய தகடும் ஒருநாள் உடைந்துபோகும். ஹோல்டரை டேஷ்போர்டின் மேல் மாட்டினால் ரெண்டு பிரச்னையும் இல்லை.

அந்த 'வளைந்த அம்பு' பட்டன்

கார் படத்துக்குள் ஒரு அம்பு வளைந்து சுற்றும். அதை அமுக்கினால் வெளிக்காற்று வாசல் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். வெளியே 40 டிகிரி காற்றைக் குளிர வைப்பதைவிட, ஏற்கெனவே குளிர்ந்த காற்றைக் குளிர வைப்பது சுலபம். அதனால் சீக்கிரம் குளிரும். லாரிப் புகை, கூவம் வாசனை வரும்போதும் இதுதான் கைகொடுக்கும்.

ஆனால், இதை அமுக்கிவிட்டு மறந்துபோகிறோம். பிரச்னையே அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடை மூச்சில் விடுகிறார். நாலு பேர் என்றால் அரைமணி நேரத்தில் 40 லிட்டர். காரின் உள்ளே சுமார் 3,000 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொஞ்சமும் காற்று வெளியேறாவிட்டால், கார்பன் டை ஆக்ஸைடு 1 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவிகிதம்தான். நிஜத்தில் கார் அத்தனை இறுக்கமாக அடைத்திருக்காது, கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் மாறும். அப்படியும் ஒரு மூடிய ரூமில் 'புழுக்கமா இருக்கே' என்று எழுந்து ஜன்னலைத் திறக்கும் அளவை, கார் சீக்கிரமே தாண்டிவிடும்.

விளைவு? தலை கனக்கும், கொட்டாவி வரும், கவனம் சிதறும். பின்னால் தூங்குபவருக்குச் சரி. ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு? சென்னையிலிருந்து திருச்சி வரை வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தால், 'நேத்து சரியா தூங்கலை' என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பட்டனையும் ஒருமுறை பாருங்கள். அதற்காக பட்டனை மாற்றிவிட்டு, தூக்கத்தோடு தொடர்ந்து ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டுவதுதான் சரி.

நிற்கும் காரில் தூங்காதீங்க... ப்ளீஸ்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள்.

காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுத் தூங்கியவர் காலையில் எழவில்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் 'ஏசி கேஸ் லீக்' என்று பேசிக்கொள்வோம். பெரும்பாலும் வில்லன் அது இல்லை. இன்ஜின் ஓடினால்தான் பெட்ரோல், டீசல் காரில் ஏசி ஓடும். இன்ஜின் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்ஸைடு வரும். வண்டி ஓடும்போது அந்தப் புகை பின்னாலேயே போய்விடும். நின்றால் வண்டியைச் சுற்றியே தேங்கும். மூடிய ஷெட், சுவரை ஒட்டிய இடம், துருப்பிடித்து ஓட்டையான சைலன்ஸர் என்றால் இன்னும் மோசம். அந்தக் கறுப்பு ஜாலி வழியாகவோ, அடியில் இருக்கும் இடுக்கு வழியாகவோ உள்ளே வந்துவிடும்.

அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஏதாவது எச்சரிக்கை கிடைக்கும். தூங்குபவருக்கு அதுவும் கிடைக்காது. வளைந்த அம்பு பட்டனோ, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதோ இதற்குக் காப்பீடு இல்லை. தூங்கியே ஆக வேண்டும் என்றால் இன்ஜினை அணைத்து, நிழலில், கண்ணாடிகளை நன்றாக இறக்கிவிட்டுத் தூங்குங்கள். யாராவது காருக்குள் மயங்கிக் கிடந்தால், முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள், உடனே 108-க்கு அழையுங்கள்.

இன்ஜினை அணைத்த காருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஃபேன் நின்றால் வென்ட் வெறும் ஓட்டைதான். 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்தபோது, ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் 80 சதவிகிதம் முதல் அரைமணி நேரத்திலேயே ஏறியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. 'ரெண்டு நிமிஷம்தானே' என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

லாரி டிரைவருக்கும் வென்ட் வந்தாச்சு

3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளின் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசின் விதி, 2025-ல் நடைமுறைக்கு வந்தது. இன்ஜின் சூடு ஒருபக்கம், கண்ணாடி வழியாக வெயில் மறுபக்கம் என்று வெந்துகொண்டே நாள் முழுக்க ஓட்டியவர்களுக்கு இது சொகுசு இல்லை. அவர் விழித்திருப்பது எதிரே வரும் நமக்கும் நல்லது. லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல் பக்கப் பட்டறைகளுக்கும் இது புதுப் பாடம். ஏசியை மாட்டுவதோடு வேலை முடியாது. காற்று டிரைவரின் முகத்துக்கு வருகிறதா, வெளியே போக வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னைக்கே செய்யலாம்

* வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, ஃபேனைக் கூட்டி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓட்டுங்கள். சூடான காற்று வெளியேறியதும் கண்ணாடியை ஏற்றி, வளைந்த அம்பை அமுக்குங்கள்.

* கார் குளிர்ந்ததும் அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நாலைந்து பேர் இருந்தால் இன்னும் அடிக்கடி.

* முன்னால் இடதுபக்க சீட் காலியா? அந்தப் பக்க வென்ட்டை மூடுங்கள். அந்தக் காற்று மற்ற வென்ட்களுக்குப் போகும்.

* மழையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தால் ஏசியை அணைக்காதீர்கள். வெளிக்காற்று, ஏசி, கண்ணாடி படம் போட்ட பட்டன் மூன்றும் சேர்ந்தால் சீக்கிரம் தெளியும். வெளிப்பக்கம் படிந்தால், கண்ணாடி ரொம்பக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரைப் போடுங்கள், கண்ணாடிக்குப் போகும் குளிரைக் குறையுங்கள்.

* காற்று குறைந்தால் 'கேஸ் போடணும்' என்று ஓடுவதற்கு முன் ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டின் இடதுபக்கப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும்.

* இறங்குவதற்கு ரெண்டு நிமிஷம் முன் ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். காயிலின் ஈரம் காயும், அந்த ஊறிப்போன நாற்றம் குறையும்.

அடுத்தமுறை கால் டாக்ஸியின் பின் சீட்டில் வேர்த்தால், "ஏசியைக் கூட்டுங்க" என்று கேட்காதீர்கள். "அண்ணா, நடு வென்ட்டைக் கொஞ்சம் மேலே திருப்பி, ஃபேனை மட்டும் கூட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். வேலூரும் கொஞ்சம் ஊட்டி ஆகட்டும்!